ஒரு காரும் இரண்டு பொய்க்கதைகளும்

ஜாகுவார் எக்ஸ்ஜே என்னும் பெரிய சொகுசுக் காரின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் இரண்டு கதைகளைத் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். முதல் கதையில் ஒரு மேதை வருகிறார். சர் வில்லியம் லயன்ஸ் என்ற அவர், கல்லுக்குள் உருவத்தைக் காணும் சிற்பியைப்போல, 1968இல் அந்தக் காரைத் தன்னந்தனியாகக் கண்டடைகிறார். இரண்டாம் கதையில் வில்லன்கள் வருகிறார்கள். கவென்ட்ரி நகரத்துத் தொழிலாளர்களும் அவர்களுடைய சங்கங்களும் ஓயாமல் வேலைநிறுத்தம் செய்து, மற்ற நேரங்களில் சோம்பிக் கிடந்து, திருகாணிகளைச் சரியாக முடுக்காமல் விட்டு, மேதையின் படைப்பைச் சீரழிக்கிறார்கள். மேதை படைத்தான், கூலிக்காரன் கெடுத்தான் என்பதே இவற்றின் சாரம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இதனை நம்மவர்களும் அப்படியே வாங்கித் தமிழில் எழுதிவருகிறார்கள்.

இவ்விரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் கார் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். ஒரு படைப்பின் பெருமையை ஒற்றைப் பெயரில் எழுதிவைப்பதும், அதன் வீழ்ச்சியைப் பெயரற்றவர்களின் தலையில் கட்டுவதும் இலக்கிய வாசகர்களுக்குப் புதியனவா என்ன? போதாததற்கு, நம் ஊரில் எந்த ஆலையில் சங்கம் என்ற பேச்சு எழுந்தாலும், இங்கிலாந்தின் கார்த் தொழிலுக்கு நேர்ந்த கதியைப் பாரீர் என்று விரலை உயர்த்தும் பொருளாதார அறிஞர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் அந்தக் கதியைத்தான் சற்று நெருங்கிச் சென்று பார்க்க விரும்புகிறோம்.

முதலில் மேதை. 1968 செப்டம்பரில் எக்ஸ்ஜே 6 வெளிவந்தபோது அது அபூர்வமான வண்டியாக இருந்தது என்பதில் எங்களுக்கு எந்த ஐயமும் இல்லை. அதுவரை மார்க் 2, எஸ் டைப், 420, மார்க் 10 என்று அளவுக்கு ஒன்றாகப் பல வண்டிகளைச் செய்துகொண்டிருந்த நிறுவனம், அவை அனைத்தின் இடத்திலும் இந்த ஒன்றை நிறுத்தத் துணிந்தது. தாழ்ந்த கூரை, அகன்ற நிற்பு, நான்கு வட்ட விளக்குகள், இடுப்பில் லேசாக நெளிந்து பின்னோக்கி இறங்கும் கோடு. அதைவிட விலை மிகுந்த வண்டிகளில் பயணம் செய்தவர்களும் இதன் உள்ளே இருந்த அமைதியைக் கண்டு வியந்தார்கள்.

அந்த அமைதி லயன்ஸ் செய்ததன்று. பாப் நைட் என்ற பொறியாளரின் பல ஆண்டு உழைப்பு அது. சாலையின் அதிர்வு உடற்கூட்டை எட்டாதபடி, எஞ்சினையும் சக்கர அமைப்புகளையும் தாங்கும் துணைச் சட்டங்களுக்கும் உடற்கூட்டுக்கும் இடையில் ரப்பரை எங்கே வைப்பது, எவ்வளவு இளக்கமாக வைப்பது என்ற ஒரே கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். இந்த வண்டிக்கென்றே டன்லப் நிறுவனம் தனியாக ஒரு டயரை உருவாக்கியது. பின்சக்கர சஸ்பென்ஷன் 1961இன் ஈ டைப் காலத்திலிருந்து வந்துகொண்டிருந்த அமைப்பு. எஞ்சினோ இன்னும் பழையது. இரண்டாம் உலகப்போரின்போது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவுகளில் ஆலையில் தீக்காவல் இருந்த நேரங்களில் லயன்ஸும் வில்லியம் ஹெய்ன்ஸும் வால்டர் ஹாசனும் கிளாட் பெய்லியும் பேசிப் பேசி வடிவமைத்து, 1948இல் வெளியுலகம் கண்ட எக்ஸ்கே எஞ்சின்தான் 20 ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் புதிய வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தது.

லயன்ஸுக்கென்று எதுவும் இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. தோற்றம் அவருடையது. ஆனால் அவர் தாளில் வரைகிறவர் அல்லர். தகடு தட்டும் தேர்ந்த கைவினைஞர்களை அருகில் வைத்துக்கொண்டு, முழு அளவு மாதிரியைச் செய்யச் சொல்லி, இந்தக் கோட்டை இன்னும் சற்று இறக்கு, இந்த வளைவை இழு என்று சொல்லிச் சொல்லி, பிறகு அந்த மாதிரியைத் தன் வாப்பன்பரி இல்லத்துக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்து பார்ப்பது அவர் முறை. அவருடைய கண் பெரியது. அந்தக் கண்ணுக்கு ஈடுகொடுத்துச் சுத்தியலை இறக்கிய கைகளும் அதே அளவு பெரியவை. அவற்றுள் ஒன்றின் பெயரையாவது இந்தக் காரைக் கொண்டாடும் நூல்களைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா?

இனி அந்த மேதையின் கதையில் வசதியாக விடுபட்டுப்போகும் பகுதிக்கு வருகிறோம். தன் நிறுவனத்தை விற்றவர் லயன்ஸேதான். அவருடைய ஒரே மகன் ஜான் 1955இல் லெ மான் பந்தயத்துக்குச் செல்லும் வழியில் சாலை விபத்தில் இறந்தார். குடும்பத்தில் வேறு ஆண் வாரிசு இல்லை. 1965இல் ஜாகுவாருக்கு உடற்கூடுகளைச் செய்து தந்துகொண்டிருந்த பிரஸ்டு ஸ்டீல் நிறுவனத்தைப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிக்கொண்டது. தன் காரின் உடல் தன் போட்டியாளரின் கையில் என்ற நிலையில், 1966இல் லயன்ஸ் தன் நிறுவனத்தை அதனுடன் இணைத்தார். 1968இல் அந்த இணைப்பும் லேலண்டுடன் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்கூட்டு உருவாயிற்று. எண்ணூரின் அசோக் லேலண்ட் வழியாக நாம் நன்கறிந்த அதே லேலண்ட்தான். நன்றாக லாரி செய்யத் தெரிந்த அந்த நிறுவனத்தின் தலையில் இங்கிலாந்தின் பாதிக் கார்த் தொழிலைத் தூக்கி வைத்தார்கள். எக்ஸ்ஜே வெளிவந்தது இது நடந்து நான்கு மாதங்கள் கழித்து.

அதாவது, இந்த வண்டி வெளிவந்தபோதே ஜாகுவார் சுதந்திரமான நிறுவனமாக இருக்கவில்லை. அதை அழிக்கப்போகிற வீட்டில்தான் அது பிறந்தது. அந்த வீட்டின் கதவைத் திறந்துவிட்டவர் அதைப் பெற்ற தகப்பன். இதைச் சொல்வதால் லயன்ஸின் மதிப்பு குறைந்துவிடும் என்று நாங்கள் கருதவில்லை. மகனை இழந்த ஒரு முதியவர் தன் நிலையில் செய்யக்கூடியதைச் செய்தார். மேதைக் கதையை எழுதுகிறவர்களுக்குத்தான் இந்த முதியவரைத் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. ஆகவே அவரை 1972இல் கௌரவமாக ஓய்வு பெறச் செய்து மேடையிலிருந்து இறக்கிவிட்டு, உடனே வில்லன்களை ஏற்றிவிடுகிறார்கள்.

வேலைநிறுத்தங்கள் நடந்தன. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 12 சிலிண்டர் எஞ்சினுடன் எக்ஸ்ஜே 12 வெளிவந்த 1972ஆம் ஆண்டிலேயே, செய்த உருப்படிக்குக் கூலி என்ற பழைய முறையை மாற்றி நேர அளவில் கூலி தருவதை எதிர்த்துப் பிரவுன்ஸ் லேன் ஆலையில் வேலை நின்றது. 1980இலும் நின்றது. அந்த ஆலையில் அக்கறையின்றிச் செய்யப்பட்ட வண்டிகளும் வெளியே வந்திருக்கும். எந்த ஆலையில் வராமல் இருந்தன? எங்கள் கேள்வி வேறு. இந்த வண்டியை வாங்கியவர்கள் எதையெல்லாம் சொல்லிச் சபித்தார்களோ, அவற்றில் எத்தனை அந்தத் தொழிலாளியின் கையில் இருந்தன?

2.8 லிட்டர் எஞ்சினின் பிஸ்டன்களில் ஓட்டை விழுந்தது. நகரத்தில் மெதுவாக ஓட்டப்பட்ட வண்டிகளில் கரி படிந்து, பிறகு நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது பிஸ்டனின் தலை எரிந்துபோயிற்று. இது வரைவு மேசையில் பிறந்த பிழை. எந்தச் சங்கமும் பிஸ்டனில் ஓட்டை போடவில்லை. மின்சாரக் கருவிகள் நின்றுபோயின. அவை வெளியிலிருந்து வாங்கப்பட்டவை. லூகாஸ் நிறுவனத்தைப் பற்றி இங்கிலாந்தில் வழங்கும் நகைச்சுவைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூலே போடலாம்.

பெயின்ட்டின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் மொத்த விவகாரமும் அதற்குள் இருக்கிறது. 1975இல் பிரிட்டிஷ் லேலண்ட் திவாலின் விளிம்புக்குச் சென்று அரசுடைமையாயிற்று. ரைடர் அறிக்கை என்று அறியப்படும் ஆவணம், ஜாகுவாருக்கென்று தனி நிர்வாகக் குழு தேவையில்லை என்றது. அப்போது ஜாகுவாரின் பொறுப்பில் இருந்த ஜெஃப்ரி ராபின்சன் என்ற இளைஞர், ஆலையை விரிவாக்க வேண்டும் என்று பெரிய திட்டம் ஒன்று வைத்திருந்தார். திட்டம் கைவிடப்பட்டது. அவரும் விலகினார். சில ஆண்டுகளில் பெயின்ட் அடிக்கும் வேலை பிரவுன்ஸ் லேனை விட்டுப் பர்மிங்காமின் அருகே காசில் பிராம்விச்சுக்குப் போயிற்று. கூட்டு நிறுவனத்தின் கணக்குப்புத்தகத்தில் அது சிக்கனமாகத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே அடித்து முடித்த உடற்கூடுகளை லாரியில் ஏற்றிக் கவென்ட்ரிக்குக் கொண்டுவந்து மற்ற பாகங்களைப் பொருத்த வேண்டும். 1979 மார்ச்சில், இத்தாலியின் பினின்ஃபரினா கூடம் கூரையைத் திருத்தி வரைந்த மூன்றாம் வரிசை எக்ஸ்ஜே வெளிவந்தபோது, இந்தப் புதிய பெயின்ட் கூடத்தால் தர முடிந்த நிறங்கள் மூன்று. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. உலகின் மிகச் சிறந்த சொகுசுக் கார்களில் ஒன்றை வாங்க வந்தவரிடம் இந்த மூன்றில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நிலை. அந்த மூன்றும்கூடச் சரியாகப் படியவில்லை. இந்த முடிவை எடுத்தது எந்தத் தொழிலாளி?

இதே ஆண்டுகளில் ஜாகுவார் என்ற பெயரையே துடைத்தெறியும் முயற்சி நடந்தது. ஆலை வாசலில் லேலண்டின் பெயர். தொலைபேசியை எடுப்பவர்கள் ஜாகுவார் என்று சொல்லாமல் லேலண்ட் கார்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கட்டளை இருந்ததாக அங்கே வேலை செய்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். பாப் நைட் இந்தக் காலத்தில் பொறியியல் பிரிவைக் கோட்டைபோல் காத்தார். லேலண்டின் மற்ற பிரிவுகளுடன் கலந்துவிடாமல், கேட்ட தாளைத் தராமல், கூட்டத்தில் சலிக்காமல் பேசி நேரம் கடத்தி. அடுத்த எக்ஸ்ஜேயின் எஞ்சின் அறையை, ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சின் நுழையவே முடியாதபடி ஒடுக்கமாக அமைத்தார்கள் என்பது ஜாகுவார் பொறியாளர்களே பெருமையுடன் சொல்லிவந்த கதை. ஒடுக்கினால் தங்களுடைய 12 சிலிண்டர் எஞ்சினும் நுழையாதே என்றால், ஆம், நுழையவில்லை. ஆகவே பழைய உடற்கூட்டை 1992 வரை செய்துகொண்டிருந்தார்கள். அடிமைப்பட்ட நாட்டில் சொந்தப் பயிரைத் தானே கொளுத்திவிட்டு ஓடும் குடியானவனின் வீரம் இது. சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் இவர்களைச் சோம்பேறிகள் என்று மட்டும் எவரும் சொல்லிவிட முடியாது.

1980 ஏப்ரலில் ஜான் ஈகன் என்பவர் நிறுவனத்தின் தலைவராக வந்தார். வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம், வண்டியில் என்னென்ன கெடுகின்றன என்று பட்டியல் போட்டது. 150 குறைகள் தேறின. அவற்றில் பாதிக்கும் மேலானவை வெளியாரிடம் வாங்கிய பாகங்களில் இருந்தன. இந்த ஒரு தகவலுக்குப் பிறகும் திருகாணி முடுக்காத தொழிலாளியின் கதையை எப்படிச் சொல்ல முடிகிறது என்பது எங்களுக்கு விளங்காத புதிர். ஈகன் பாகம் தருபவர்களிடம் கெட்ட பாகத்தின் செலவைக் கேட்டார். காசில் பிராம்விச் உடற்கூட்டு ஆலையை ஜாகுவாரின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். அதே தொழிலாளிகள், அதே கட்டடம், அதே 1968இன் வண்டி. சில ஆண்டுகளில் உற்பத்தி இரு மடங்குக்கும் மேலாகக் கூடியது. 1984இல் தாட்சர் அரசு ஜாகுவாரைப் பங்குச்சந்தையில் விற்றபோது, வாங்க முண்டியடித்தார்கள்.

உடனே மூன்றாவது கதை ஒன்று பிறந்தது: தனியார்மயம் மீட்டது. இதையும் நாம் நம்ப வேண்டுமாம். வண்டிகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் விற்றது. அந்த ஆண்டுகளில் டாலர் உச்சத்தில் இருந்தது. டாலர் இறங்கியவுடன் லாபமும் இறங்கியது. 1989இல் ஃபோர்டு 160 கோடி பவுண்டுக்கு ஜாகுவாரை வாங்கிக்கொண்டது. ஃபோர்டு அனுப்பிய பில் ஹேடன் என்ற தலைவர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரஷ்யாவின் கார்க்கி நகரத்தில் கண்டவற்றைத் தவிர இவ்வளவு மோசமான ஆலையைத் தாம் பார்த்ததில்லை என்ற பொருளில் சொன்னது பிரசித்தம். லயன்ஸின் சிக்கனம், லேலண்டின் வறட்சி, பங்குச்சந்தையின் கொண்டாட்டம் ஆகிய மூன்று யுகங்களிலும் எந்திரங்களுக்குப் பணம் போதிய அளவு வரவில்லை. எந்திரம் பழையதாக இருந்தால் வேலைசெய்பவன்மீது பழி போடுவது எளிது.

இதற்குப் பின் நடந்தது வேறு வகையான கொலை. சொல்லப்போனால் இலக்கிய வாசகர்களுக்கு இதுதான் அதிகம் புரியக்கூடியது.

1986இல் வெளிவந்த எக்ஸ்ஜே 40, சதுர விளக்குகளோடும் சற்றே நேரான கோடுகளோடும் வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை, பணமின்றி இழுபட்டு இழுபட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். வட்ட விளக்கு எங்கே, அந்த நெளிவு எங்கே என்றார்கள். ஃபோர்டு அவர்களுடைய குரலைக் கேட்டது. 1994இன் வண்டியில் நான்கு வட்ட விளக்குகள் திரும்பி வந்தன, பேனட்டில் பழைய மேடு பள்ளங்கள் திரும்பி வந்தன. அது அழகாகவே இருந்தது. ஆனால் அடுத்த வண்டியும் அப்படியே. 2003இன் எக்ஸ்ஜே பொறியியலில் பெரும் பாய்ச்சல். உடற்கூடு முழுவதும் அலுமினியம், விமானம் செய்வதுபோல ஆணியறைந்தும் பசையிட்டும் ஒட்டியது. அந்தக் காலத்தில் பெரிய கார்களில் அதைச் செய்தவர்கள் மிகச் சிலர். அந்த உடலுக்கு அணிவித்த சட்டை 1968இல் தைத்தது. தெருவில் கடந்துபோனால் பத்தாண்டுக்கு முந்தைய வண்டி என்றே எவரும் நினைப்பார்கள். 1968இன் எக்ஸ்ஜே தனக்கு முந்தைய எந்த ஜாகுவாரையும் அப்படியே பின்பற்றவில்லை என்பதை அதன் பக்தர்கள் மறந்தேபோனார்கள். முன்னோன் எதை மீறினானோ அதை விட்டுவிட்டு, மீறிய பின் அவனுக்குக் கிடைத்த வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் இந்த வியாதிக்குத் தமிழில் எடுத்துக்காட்டு தேடி வாசகர்கள் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

2005இல் பிரவுன்ஸ் லேனில் கார் செய்வது நின்றது. எக்ஸ்ஜேயின் வேலை காசில் பிராம்விச்சுக்குப் போயிற்று. தொட்டுத் தடவிப் பழமையைப் போற்றிய அதே நிறுவனம், அந்தப் பழமை உண்டான இடத்தைக் கைவிட எந்தத் தயக்கமும் காட்டவில்லை. 2008இல் டாடா குழுமம் ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு வாங்கியபோது, ஆண்டவனை ஆண்டுவிட்டோம் என்ற தொனியில் இந்தியப் பத்திரிகைகள் குதித்தன. அமெரிக்க நிறுவனமொன்று நட்டத்தில் கைகழுவிய இங்கிலாந்து ஆலையை இந்திய முதலாளி வாங்கினார் என்பதில் காலனியத்துக்கு எதிரான வெற்றி எங்கே இருக்கிறது என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1968இன் சட்டையை எக்ஸ்ஜே துணிந்து கழற்றி எறிந்தது டாடாவின் காலத்தில்தான். 2009இல் இயன் காலமின் கையில் உருவாகி வந்த வண்டி, பழைய முகத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நாற்பதாண்டுப் பக்தர்கள் வழக்கம்போல் முகம் சுளித்தார்கள். எங்களைக் கேட்டால், 1968க்குப் பின் லயன்ஸின் துணிச்சலுக்கு மரியாதை செய்த எக்ஸ்ஜே அது ஒன்றுதான்.

தாட்சர் காலம் தொடங்கிப் பல பிரதமர்கள் எக்ஸ்ஜேயின் பின்னிருக்கையில் டவுனிங் தெருவுக்கு வந்திறங்கினார்கள். அவர்களில் எவருக்கும் அந்தக் கதவைப் பொருத்தியவனைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தை அதிகம் இருந்ததாக நினைவில்லை.

2019 ஜூலையில் காசில் பிராம்விச்சிலிருந்து கடைசி எக்ஸ்ஜே வெளியேறியது. அதே பெயரில் மின்சார வண்டி ஒன்று அங்கேயே செய்யப்படும் என்று அந்தக் கோடையில் அறிவித்தார்கள். சோதனை வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. 2021 பிப்ரவரியில், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த தலைமை நிர்வாகி தியரி பொல்லோரே, ஜாகுவாரைப் புதிதாகக் கற்பனை செய்யும் திட்டம் ஒன்றை வெளியிட்ட அதே நாளில் அந்த வண்டி ரத்தாயிற்று. அம்முடிவுக்கு எந்த வேலைநிறுத்தமும் காரணமாகச் சொல்லப்படவில்லை.